அசையாமல் ஐந்து நிமிடம்

ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், எதையும் நினைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதில் முதல் பாதியைக் குழந்தைவேலு இருபத்தொரு நாளாகத் தவறாமல் செய்துவருகிறார். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்கின்றன. இடது கை சாப்பாட்டு மேசையில், மடித்த போர்வையின் மேல், நெஞ்சின் உயரத்துக்கு. புஜத்தில் பிரஷர் மெஷினின் நீலப் பட்டை. கால்மேல் கால் போடக்கூடாது, காபி குடித்திருக்கக்கூடாது, ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது, பேசக்கூடாது. எல்லாம் ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு பத்து. ஆறு பதினைந்துக்குப் பொத்தானை அழுத்தலாம். அதுவரை எதையும் நினைக்காமல் இருக்கவேண்டும். நினைக்கக்கூடாது என்று நினைப்பதும் நினைப்பில் சேருமா, அதற்கும் இரண்டு புள்ளி ஏறுமா? பின்பக்கம் மனைவி துளசிமணி பாத்திரம் தேய்க்கிறாள். தேங்காய் நாரின் சரசரப்புக்கு நடுவே அவளுடைய பாதம் சிமெண்ட் தரையில் தட்டுவது கேட்கிறது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. கும்மி அடவு. கை சாம்பலில் இருக்கும்போதே கால் தன்பாட்டுக்கு ஆடிப் பார்த்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். இன்றைக்கு வெள்ளி. இன்றைக்குப் பதினொரு மணிக்கு டாக்டரம்மாவிடம் போகவேண்டும். மேசையில், கைக்கு எட்டுகிற தூரத்தில், ரப்பர் பாண்டு போட்ட நோட்டு இருக்கிறது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பதினொன்றுகூட ஆகவில்லை.

நேற்று நூற்று எழுபத்திரண்டு, கீழே நூறு. முந்தாநாள் நூற்று அறுபத்தெட்டு. மாத்திரை போடாதவனுக்கு ஏறினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு வருஷமாக ஒருநாள் விடாமல் போடுகிறவனுக்கு, ஊறுகாயைத் தொடாதவனுக்கு, நாலு மாதம் முந்திவரை நூற்று முப்பதிலேயே நின்றவனுக்கு ஏன் ஏறவேண்டும்? முதல் வாரம் அவர் மெஷினைத்தான் சந்தேகப்பட்டார். அவருடைய பிழைப்பே அதுதானே. ஈரோட்டு மார்க்கெட்டில் மஞ்சள் மண்டிக்காரர்கள் தொலைவில் அவர் பையைப் பார்த்தாலே, 'முத்திரைக்காரர் வர்றாருங்கோ' என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். முப்பத்தோரு வருஷமாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளர். எந்தக் கருவியையும் நம்பாதே, எந்த மனுஷனையும் அதைவிட நம்பாதே, கல்லை வைத்துப் பார் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தார்கள். வெல்வெட் பெட்டிக்குள் இருக்கிற பித்தளைக் கற்கள். வெறும் விரலால் தொடாமல் துணி சுற்றித் தூக்கவேண்டும். ஒரு தட்டில் கல்லை வைத்தால் முள் சாயும், எடுத்தால் நடுவுக்கு வரும். எலக்ட்ரானிக் தராசு என்றால் எண் வரும், எடுத்தால் பூஜ்யம். நேற்றைக்கு எத்தனை மூட்டை நிறுத்தது, யாரை ஏமாற்றியது என்ற விசனமெல்லாம் அதற்குக் கிடையாது. இந்த மெஷினுக்கு எந்தக் கல்லை வைத்துப் பார்ப்பது? துளசிமணியைத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தார். பட்டை இறுக்கியபோது அவள் சிரித்தாள்.

"ஏனுங்க, வளையல்காரன் புடிக்கிற மாதிரிப் புடிக்குதே."

"பேசாதே. பேசுனா ஏறும்."

"நான் பேசாம இருந்தாத்தான் உங்களுக்கு இறங்குமாட்டத் தெரியுது."

நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. குழந்தைப்பிள்ளை மாதிரி ஒரு எண். அவளுக்குத் தன் எண்ணில் அக்கறையில்லை. மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த ஓரத்துல எம்முன்னு ஒரு பட்டன் இருக்குதே, இது எதுக்குங்க?" என்று கேட்டாள். கம்பெனிக்காரன் பேராக இருக்கும், விடு என்றார் அவர். அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் பழுதில்லை. பழுது தட்டில் இருக்கிறது, தட்டில் வைத்த சாமானில் இருக்கிறது. அவள் கையிலிருந்து பட்டையைக் கழற்றும்போது அவளுடைய முழங்கைக்கு மேலே பட்டை பதிந்த தடத்தைத் தடவிக்கொடுத்தார். என்னத்துக்கு இந்தக் கொஞ்சல் என்று அவள் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

ஆறு பன்னிரண்டு. காதுக்குள் நாடி கேட்கிறது. கேட்பதாக நினைத்தாலே கேட்கும். முதல் நாள் காலை நூற்று எழுபத்துநாலு என்று வந்தபோதும் இப்படித்தான் காதுக்குள் தட்டியது, அப்போதுதான் அவள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, எவ்வளவுங்க என்று கேட்டாள். நெற்றியில் ஈரப் பொட்டு. ஒரு தோளில் துண்டு. சாயங்காலம் கும்மிப் பயிற்சிக்குக் கட்டவேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக் கொடியில் போட்டிருந்தாள். நூற்று முப்பத்துநாலு என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு அதையே எழுதவும் வேண்டியிருந்தது, நோட்டை அவள் எடுத்துப் பார்ப்பாள். மறுநாளைக்கு நூற்று இருபத்தெட்டு. அதற்கு மறுநாள் நூற்று முப்பத்தாறு. பொய் எழுதத் தெரியாதவன் நூற்று முப்பது, நூற்று முப்பது, நூற்று முப்பது என்று எழுதி மாட்டிக்கொள்வான். அப்படி எழுதிய எத்தனை பேரைக் குழந்தைவேலு பிடித்திருக்கிறார்! அவருக்குத் தெரியும், மெய் எப்போதும் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். அவருடைய பொய்யும் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதி, நேற்று இட்லிக்கு இரண்டு கரண்டி சட்னி கூடப் போட்டுக்கொண்டேன் இல்லையா என்று அவளிடமே சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது எச்சில் மாதிரி வாயில் நிற்கிறது. பத்து நாளுக்கு முன் டாக்டரம்மா தன் மெஷினில் பார்த்தபோது நூற்று அறுபத்தாறு. புருவத்தைச் சுருக்கி, வீட்டில் எடுத்ததைக் காட்டுங்க என்றார். நோட்டைப் புரட்டினார். துளசிமணி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வீட்ல அழகா இருக்கே. இங்க வந்தாத்தான் உங்களுக்கு பயம் போல. நிறையப் பேருக்கு அப்படித்தான். அதே மாத்திரையே போடுங்க, இன்னும் பத்து நாள் எழுதிட்டு வாங்க." அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நிமிடத்திலாவது திறந்திருக்கலாம். திறக்கவில்லை. டாக்டரம்மா அவர் எழுதியதை நம்பினார். இப்படி ஒரு தராசு கடையில் இருந்தால் அவர் அதே இடத்தில் சீல் வைத்து எடுத்து வந்திருப்பார், கடைக்காரன் காலில் விழுந்தாலும் விட்டிருக்கமாட்டார். யாரை ஏமாற்றினேன் என்று கேட்டுப் பார்த்தார். நிறுக்கிறவனும் நான், வாங்குகிறவனும் நான், கல்லில் குறைகிறதும் நான்தான்.

எதையும் நினைக்கக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே பால்காரன் வண்டி நின்று கிளம்பியது. வலது முழங்கால் வலிக்கிறது. மார்க்கெட்டில் குத்தவைத்து உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி, நாலு மாதமாக மெடிக்கலில் வாங்கிப் போடுகிற ஒரு மாத்திரையில் அடங்குகிறது, அதுவும் துளசிக்குத் தெரியாது, தெரியாததில் அதுவும் ஒன்று, எத்தனைதான் ஆகிவிட்டது. விரல்களை அசைக்கலாமா? அசைத்தார். ஐந்தும் அசைந்தன. தினமும் இந்த நேரத்துக்கு அவர் இதைச் செய்து பார்த்துக்கொள்கிறார். அப்புறம் நாக்கைப் பல்லுக்குள் வலமும் இடமும் தள்ளிப் பார்ப்பார். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. குழந்தைவேலுவுக்கு வருகிற ஆவணியில் ஐம்பத்தெட்டு. லாரி புக்கிங் ஆபீசுக்குப் போகிற அவசரத்தில் அப்பா கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் வழித்தாயிற்று, மறு கன்னத்தில் நுரை. ரேசர் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் மூன்று வருஷம் உயிரோடிருந்தார், ஒரே ஒரு சொல்லோடு. சரி. அது மட்டும்தான் மிச்சமிருந்தது, மற்ற எல்லாச் சொல்லையும் அன்றைக்குக் காலை யாரோ வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். பசிக்குதுங்களா? சரி. வலிக்குதுங்களா? சரி. கோபம் வந்தாலும் அதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு, சரி சரி சரி என்று கட்டில் சட்டத்தில் அடிப்பார். மகள் கிருத்திகா பிறந்து முப்பதாம் நாள் அவளைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்தபோது, நல்லாயிருந்த கையால் குழந்தையின் உச்சந்தலையைத் தொட்டுவிட்டு, கண்ணில் நீர் ஓட ஓட, அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு குழந்தைவேலு அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஆபீசில் 'ஆகட்டுங்க' என்பார், வீட்டில் 'ம்' என்பார், போனில் 'நல்லதுங்க' என்பார். மரியாதைக்காரர் என்று பேர் வாங்கினார். சாவுக்கு அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஒரு சொல்லோடு உட்கார்ந்திருப்பதற்குத்தான் பயம். அதைவிட, துளசிமணி எதிரில் உட்கார்ந்து, பசிக்குதுங்களா என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பாளே, அம்மா காத்திருந்த மாதிரி, அதற்கு.

அதற்காகத்தானே மறைத்தது என்று ஒரு குரல் சொன்னது. இல்லை, அதற்காக இல்லை. எதற்காக என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதம், அக்கம்பக்கத்துப் பெண்களோடு பழநிக்குப் பாதயாத்திரை போவதற்குத் துளசிமணி பச்சைச் சேலை எடுத்து, மாலை போட்டு, தினமும் காலையில் வெறுங்காலோடு வாய்க்கால் வரைக்கும் நடந்து பழகினாள். புறப்பட நாலு நாள் இருக்கும்போது அவருக்குப் பிரஷர் என்று தெரிந்தது. 'இவுரு இப்புடி இருக்கீல நான் எங்க போறது' என்று மாலையைக் கோயிலில் கழற்றிவைத்துவிட்டு வந்தாள். அதைப்பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பச்சைச் சேலை பீரோவின் அடித்தட்டில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அவர் சட்டை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். இந்த வருஷம்தான் கும்மி என்று கிளம்பினாள். ஐம்பத்து மூன்று வயதில், சலங்கை கட்டி, முப்பது பெண்களோடு வட்டத்தில். முதல் நாள் போய்விட்டு வந்தவள் முகத்தை அவர் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. 'வாத்தியாரு என்னைய முன்வட்டத்துக்கு வரச்சொல்லிட்டாருங்க' என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள். ஞாயிறு தாண்டட்டும் என்றுதான் நினைத்தார். ஞாயிறு தாண்டினதும் சொல்லிவிடலாம். ஆனால் டாக்டரம்மா வெள்ளிக்கிழமையைக் கொடுத்தார். இன்றைக்கு நோட்டை நீட்டினால் மறுபடியும் அதே மாத்திரை. நீட்டாமல் மெய்யைச் சொன்னால் பக்கத்து நாற்காலியில் அவள். ஆறு பதினாலு. கொஞ்ச நாளாகவே குழம்பில் உப்பில்லை. ரசம் சப்பென்று இருக்கிறது. கும்மி ஞாபகத்தில் மறந்துவிடுகிறாள் என்று பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அது என்னவோ அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இந்த வீட்டில் அவளுக்கும் மறந்துபோகிற அளவுக்கு ஒன்று இருக்கிறதே என்று.

பாத்திரச் சத்தம் நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை. துளசிமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இருபத்தொரு நாளில் அவள் இப்படி வந்து உட்கார்ந்ததில்லை.

"நீ எதுக்கு இப்ப..."

"பேசக்கூடாது. பட்டனை அமுத்துங்க, மணியாச்சு."

அழுத்தினார். மெஷின் முனகிக்கொண்டே பட்டைக்குள் காற்றை அடித்தது. புஜத்தில் பிடி இறுகிற்று.

"இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. குறுக்க பேச முடியாதுல்ல, அதுக்குத்தான் இந்த நேரமாப் பாத்து வந்தேன்," என்றாள். "அந்த எம்முங்கறது கம்பெனிக்காரன் பேரில்லீங்க. கிருத்திகாகிட்டப் போன்ல கேட்டேன். அதை அமுத்துனா பழசெல்லாம் ஒண்ணொண்ணா வருது. நூத்தி எழுவத்தி நாலு. நூத்தி அறுவத்தெட்டு. நூத்தி எழுவத்தி ரெண்டு. நடுவுல ஒரேயொரு நூத்திப் பதினெட்டு இருந்துச்சு, அது என்னுது."

பட்டை இன்னும் இறுகியது. குழந்தைவேலு அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. முப்பத்தோரு வருஷமாக அவர் தொட்ட கருவி ஒன்றுகூட எதையும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. கல்லை எடுத்தால் பூஜ்யம். திரை அணைந்தால் போயிற்று என்றுதான் இத்தனை நாளும் அதை உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். அவள் கை எட்டுகிற இடத்திலேயே. வாயைத் திறந்தார்.

"பேசக்கூடாதுன்னு சொன்னேன். உப்பைக் கொறைச்சேன். அப்பளத்தை நிறுத்துனேன். என்ன துளசி சப்புனு இருக்குதேன்னு ஒரு நாளாவது கேப்பீங்க, அப்பச் சொல்லிக்கலாம்னு பாத்தா, நீங்க பாட்டுக்கு முழுங்கிட்டுப் போறீங்க. சட்டையைத் தொவைக்கப் போட்டா பையில மாத்திரை அட்டை. முட்டிவலிக்கு வாங்கித் தின்னுட்டு இருக்கீங்களா? அதுலகூட ஏறுமோ என்னமோ, அதையும் இன்னிக்கு டாக்டரம்மாகிட்டச் சொல்றோம். அன்னிக்கு அந்தம்மா நோட்டைப் பாத்து அழகா இருக்குதுன்னு சொன்னாங்கல்ல. அப்பவே சொல்லியிருக்கோணும். டாக்டர் முன்னால உங்களைத் தலைகுனிய வெக்க மனசு வரலை. வெளிய வந்து குழாயைத் தொறந்துவுட்டுட்டு நின்னேன், தண்ணி குடிக்கல."

காற்று இறங்கும் சத்தம். மூன்று முறை கீச்சென்றது. எண்ணை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். நூற்று எண்பத்தொன்று, நூற்று நாலு.

"ஐயோ, நான் பேசித்தான் ஏறிப்போச்சு," என்றாள். "இது வேண்டாம். மறுக்கா வைக்கலாம்."

"ரெண்டையும் எழுதோணும்," என்றார் குழந்தைவேலு. அவர் குரல் அவருக்கே கரகரவென்று கேட்டது. "புடிக்காததை விட்டுட்டு எழுதுனா அது அளவே இல்லை."

"அடேங்கப்பா. யாரு சொல்றது பாருங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியிலேயே வேறொன்றாகி மூக்கில் ஏறியது. துளசிமணி நோட்டின் ரப்பர் பாண்டைக் கழற்றினாள். கடைசிப் பக்கத்துக்குள் ஒரு காலண்டர்த் தாள் நாலாக மடித்து வைத்திருந்தது. அவர் கண்ணில் அது பட்டதே இல்லை, அவர் எழுதவேண்டிய பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தைப் புரட்டுகிற தைரியம் அவருக்கு இருந்ததில்லை. தாளின் பின்பக்கம் அவளுடைய சாய்ந்த எழுத்தில் மெய்யான எண்கள், தேதி போட்டு, வரிசையாக. ஒரு நாளையும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் குளிக்கப் போனபின் அலமாரியைத் திறந்து, உறையைக் கழற்றி, பொத்தானை அழுத்தி, பார்த்து, எழுதி, மறுபடியும் உறையில் போட்டுவைத்துவிட்டு, அதற்குப் பிறகு அவருக்கு இட்லி வைத்திருக்கிறாள். நூற்று எழுபத்திரண்டு என்று எழுதின கையால். எவ்வளவுங்க என்று கேட்டுவிட்டு, நூற்று முப்பத்திரண்டு என்று அவர் சொன்னதை, அப்படிங்களா என்று வாங்கிக்கொண்டு.

இரண்டாவது தடவைக்கு அவள் பேசவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சோப்பும் சாம்பலும் மணக்கிற அவளுடைய ஈரக் கை. பட்டை இறுகி, நின்று, தளர்ந்தது. அவருக்குக் காதுக்குள் எதுவும் தட்டவில்லை, அல்லது தட்டியதைக் கவனிக்கவில்லை. நூற்று அறுபத்துநாலு, தொண்ணூற்றெட்டு. அதிகம்தான். நேற்றும் முந்தாநாளும் தனியாக உட்கார்ந்து பார்த்த எண்ணிலிருந்து பெரிய வித்தியாசமில்லை. அவள் இரண்டையும் எழுதினாள். 181/104 என்றதற்குப் பக்கத்தில் 'நான் பேசினேன்' என்றும் எழுதினாள்.

"நான் கும்மியை நிறுத்திருவேன்னுதான மறைச்சீங்க?"

அவர் புஜத்திலிருந்து பட்டையைக் கழற்றினார்.

"நிறுத்தமாட்டேன். பழநிக்குப் போகாம விட்டேன்ல, அதுக்கு எத்தனை நாள் அழுதேன்னு உங்களுக்குத் தெரியாது. அழுது என்ன, உங்க பிரஷரா இறங்குச்சு? டாக்டரம்மா வேற மாத்திரை எழுதுவாங்க, இல்லைன்னா டெஸ்ட்டு எடுக்கச் சொல்லுவாங்க. எடுப்போம். ஞாயித்துக்கெழமை நீங்க மைதானத்துல முன்னால, நிழல்ல, சேரு போட்டு உக்காருங்க. சாஞ்சு, காலைத் தரையில ஊனி, இப்ப உக்காந்திருக்கிற மாதிரியே. நான் ஒவ்வொரு சுத்துக்கும் உங்களை ஒருக்காப் பாத்துக்குவேன். என்னை ஏமாத்தோணும்னா அப்ப ஏமாத்துங்க பாக்கலாம். என்னங்க?"

மெஷினின் திரை தானாக அணைந்தது. குழந்தைவேலு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு ஒருமுறை பல்லுக்குள் வலமும் இடமும் போய் வந்தது.

"சரி," என்றார்.

துளசிமணி எழுதிய பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முப்பது வருஷத்தில் அவர் வாயில் அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. ஏன் என்றும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மாமனாருக்கு மூன்று வருஷம் சோறு ஊட்டியதில் அவளுக்கும் பங்குண்டு. அவள் கண் அவர் உதட்டிலேயே நின்றது, அடுத்த சொல் வருமா என்று பார்ப்பதுபோல. அவருக்கும் அதுதான் பயமாக இருந்தது. அதனால் சற்று அவசரமாகவே சொன்னார்.

"காபி வை, துளசி. ரசத்துலதான் உப்பில்லை, காபிலயாவது சர்க்கரை போடு."